கிறுகிப் போகும் கொடுவா

மீன் இல்லாத தண்ணியில் மீன் படாமல் போனால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். மீன் இருக்குது என்று கண்ணால் கண்ட பிறகு, அது எங்கட லூருக்குப் பின்னாலேயே ஒரு பாகம் தூரம் வந்து, வாயைத் திறக்காமல் கிறுகிப் போகுது பாருங்கள், அதுதான் நித்திரையைக் கெடுக்கிறது. மட்டக்களப்பு வாவியில் (ஊருக்குள்ள இதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவம்) கொடுவாவுக்கு லூர் வீசுகிற எல்லாருக்கும் இந்த வருத்தம் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர். மூன்று பொடியன்கள், ஒரு பெட்டை. இரண்டு பேர் படிக்கிறம், ஒருவன் கடையில் வேலை, நாலாவது ஆள் பிடிக்கிற மீனை விற்று வீட்டுக்கும் குடுக்கிறவன். ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் தங்கூசியில் உயிர் இறால் கொழுவுகிறவர்கள். ரொட்டும் ரீலும் வைத்து பிளாஸ்டிக் மீன் வீசுவதை நாங்கள் படித்தது வீடியோக்களில். அந்த வீடியோக்களில் முக்கால்வாசி, அமெரிக்கக் குளங்களில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கிறவர்கள் போட்டவை.

கொடுவாவுக்கும் ஏசியன் சீ பாஸ் என்று ஒரு பெயர் இருப்பதால் இரண்டும் சொந்தக்காரர் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்கப் பாஸ் வேறு குடும்பம், நன்னீர் மீன். கொடுவா உப்புக்கும் நன்னீருக்கும் இடையில் போய்வருகிற சாதி. முகத்துவாரப் பக்கம் உப்புத் தண்ணியில் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளுக்கு வந்து வளரும். ஆனால் சாப்பிடுகிற முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு மரவேருக்கோ தூணுக்கோ பக்கத்தில் ஒளிந்து நிற்கும். நெடுந்தூரம் துரத்துறதில் அதற்கு விருப்பம் குறைவு. இரை கிட்ட வந்தால் வாயைப் படக்கென்று விரித்து, தண்ணியோடு சேர்த்து இரையை உறிஞ்சும். விடியப்புறம் கண்டல் ஓரத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டால் அது அந்த வாய்தான். அதனால் பாஸ்காரர்கள் சொல்லுற விசயங்களில் அரைவாசி எங்களுக்கும் சரிவருகிறது. மற்ற அரைவாசியை ஆற்றிடம்தான் கேட்கவேண்டும்.

உதாரணத்துக்கு நிறம். பாஸ் லூர் பக்கெட்டுகளில் பூசணிப்பச்சை, வத்தகப்பழம் என்று நிறங்களுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். அங்கே பாஸ் விரும்பித் தின்கிற நன்னீர் நண்டு மாதிரி ஒரு சீவனின் நிறத்துக்குக் கிட்டவான நிறங்கள் அவை. எங்கட ஆற்றில் கொடுவா தின்கிறது இறாலும் மணலைக் குஞ்சும். ஆனாலும் கடையில் எதைக் கொண்டுவந்து வைக்கிறார்களோ அதைத்தான் வாங்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்த பிறகு அந்தத் தெரிவும் சுருங்கிப்போச்சு. ஒரு நல்ல மின்னோ லூர் கண்டல் வேரில் சிக்கி அறுந்தால் எங்களில் ஒருவனுக்கு ஒருநாள் சம்பளம் தண்ணிக்குள்ள. வீடியோவில் அந்த அமெரிக்கர் இருபது லூரைப் படகில் பரப்பி வைத்துக்கொண்டு, "இதுக்கு வரவில்லை, அடுத்ததைப் பார்ப்போம்" என்று சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கட பெட்டியில் மொத்தம் ஆறு.

ஆறு லூரோடு வாழுறவனுக்கு ஒரு நன்மை இருக்கிறது. மாற்றுவதற்கு லூர் இல்லாததால் மற்ற எல்லாத்தையும் மாற்றிப் பார்க்கவேண்டி வரும். எங்களுக்குள்ள அடிக்கடி நடக்கிற சண்டையும் இதுதான்: மீன் கிறுகினால் முதலில் லூரைக் கழற்றுறதா, இல்லை அதே லூரை வேறு விதமாகக் காட்டுறதா? இரண்டாவதுதான் என்பது எங்களில் மூன்று பேரின் கட்சி. நாலாவது ஆள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவன் பாடு.

எங்களிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மீன் பட்டதை எழுதுறதுக்கு இல்லை, படாமல் போனதை எழுதுறதுக்கு. நேரம், தண்ணியின் நிறம், நீரோட்டம் எந்தப் பக்கம், மீன் எங்கே கிறுகினது. இந்தக் கடைசி விசயம்தான் பெரிது. தூரத்தில் வந்து தூரத்திலேயே கிறுகினால் அது லூரை வடிவாகப் பார்க்க முதலே விட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் ஆழம் சரியில்லை, அல்லது லூர் பெரிது. காலடி வரைக்கும் வந்து எங்கட நிழலைக் கண்டு கிறுகினால் லூரில் குறை குறைவு. ஓட்டத்தின் நடுவில் எங்கேயோ அதற்கு ஒரு காரணம் குடுத்திருந்தால் அங்கேயே கடித்திருக்கும். மூக்கால் இடித்துவிட்டு, வாயில் எடுக்காமல் போனால் கொஞ்சம்தான் பாக்கி. வேகத்தைக் குறைக்கலாம், அல்லது சின்ன லூர் கொழுவலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவம். ஆழத்தையும் வேகத்தையும் நிறத்தையும் ஒன்றாக மாற்றி மீன் பட்டால் எதுக்குப் பட்டது என்று கொப்பியில் என்ன எழுதுறது?

ஆழம் என்று நாங்கள் சொல்லுறது பெரிய விசயம் இல்லை. எங்கட ஆறு நாங்கள் நிற்கிற இடங்களில் இடுப்பளவும் கழுத்தளவும்தான். ஆனால் அந்தக் கழுத்தளவு தண்ணியிலும் மேல் ஒரு சாணில் போகிற லூரும் அடியில் மண்ணைத் தொட்டுப் போகிற லூரும் மீனுக்கு வேறு வேறு. கொடுவாவின் கண்ணும் வாயும் மேல்நோக்கிப் பார்க்கிற வாக்கில் இருக்கிறது. தனக்குக் கீழே போவதைவிடத் தலைக்கு நேரே அல்லது கொஞ்சம் மேலே போவதை அது கெதியாகக் காணும். அதனால் சொஃப்ட் பிளாஸ்டிக் கொழுவுகிற ஜிக் ஹெட்டின் பாரம் முக்கியம். 10 கிராம் போட்டால் கல்லு மாதிரி இறங்கும். 5 கிராமுக்கு இறக்கினால் மெதுவாக, ஆடி ஆடி விழும். அந்த விழுகிற நேரத்தில்தான் கடி அதிகம். அமெரிக்காவில் ஊசிபோட்ட ரப்பர் துண்டு மாதிரி ஒரு வடிவமும் இல்லாத பிளாஸ்டிக் புழுவுக்கு அவ்வளவு பேர் வந்ததும் அது விழுகிற விதத்தால்தான். நேராக விழாமல் இரண்டு பக்கமும் சிலிர்த்துக்கொண்டு விழும்.

இனி வேகம். வேகம் என்பதைவிட நிறுத்தம் என்று சொல்லலாம்.

பழைய கல்லடிப் பாலம் 1924இல் திறந்தது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு பழையதில் வாகனம் போவதில்லை, நடக்கவும் தூண்டில் போடவும் அது எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. பாடும் மீன் கேட்க வருகிறவர்களுக்கும்தான். அங்கே வழக்கமாக நிற்கிற ஒரு மாமா இருக்கிறார், உயிர் இறால்காரர். நாங்கள் லூரை வீசி கடகடவென்று சுற்றுறதைக் கனநாள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மறுகா ஒருநாள் கேட்டார்:

"மனே, இறால் இப்பிடி ஓடுறதைக் கண்டிருக்கிறியா?"

"இல்ல மாமா, எப்பிடி ஓடும்?"

"அது ஓடுறதில்லகா. அது இருக்கும். சும்மா கால ஆட்டிக்கொண்டு இருக்கும். பயந்தாத்தான் பாயும். அதும் முன்னுக்கு இல்ல, பின்னுக்கு. பாஞ்சிட்டுத் திரும்ப இருக்கும்."

இறால் வாலை மடித்து அடித்துப் பின்னோக்கிப் பாய்கிறது என்று ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பம். ஆனால் கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் இறால்களைப் பாருங்கள், சிலது தலை முன்னுக்கு வரத்தக்கதாகக் கொழுவியிருக்கும். அன்றிலிருந்து எங்கட இறால் வால் முன்னுக்கு வரும். இரண்டு தட்டு, பிறகு நிறுத்தம். லைன் தளர்ந்து லூர் அடிக்குப் போய் இருக்கும்வரை நிறுத்தம். மனதுக்குள் பத்து எண்ணச் சொல்லுவாள் எங்கட ஆள். மூன்று எண்ணினவுடனே கை துடிக்கும், எட்டில் ரீலைத் தொட்டுவிடுவம். அவள் மட்டும் பத்தையும் எண்ணுவாள். அதனால்தான் நாலு பேரில் அவளுக்குத்தான் கூடப் படுகிறது என்பது எங்கட முடிவு. (பாலத்தில் ஒரு பெட்டை ரொட்டோடு நிற்பதைப் பார்த்துக் கதை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் அந்தக் கதைக்கும் பத்து எண்ணிவிட்டு மறுமொழி சொல்லாமல் இருப்பாள். இரவில் அவளுக்கு வரமுடியாத காரணத்தால் எங்கட நேரம் பெரும்பாலும் விடிய ஐந்து மணி.)

நிறுத்தினால் ஏன் கடிக்கிறது? துரத்திப் பிடிக்கச் சத்து வேண்டும். வயிறு நிறைந்த மீன், அல்லது வெயிலில் களைத்த மீன், ஓடுகிற ஒன்றுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும், ஆனால் போட்டிக்கு நிற்காது. நின்றுபோன, தள்ளாடுகிற ஒன்று என்றால் கதை வேறு. பின்லாந்துக்காரர் லௌரி ரபாலா 1936இல் தன் முதல் லூரைச் செதுக்கினதும் இதை வைத்துத்தான். அவரும் ஒரு தூண்டில் தொழிலாளி. கூட்டமாகப் போகிற சின்ன மீன்களில், கொஞ்சம் சரிந்து தள்ளாடிப் போகிற ஒன்றைத்தான் பெரிய மீன் தெரிந்து பிடிக்கிறது என்று அவர் பார்த்திருக்கிறார். தக்கையைச் செதுக்கி, சொக்கிலேட் தாள் சுற்றி, படச்சுருளை உருக்கிப் பூசிச் செய்த அந்த லூர் அழகில் ஒரு மீனுக்கும் கிட்ட வராது. அது நீந்தின விதம்தான் மீனை ஏமாற்றியது. இன்றைக்கு லூர்களில் கண்ணும் செதிலும் அச்சடித்து விற்கிறார்கள். அதெல்லாம் மீனைவிட எங்களைப் பிடிக்கத்தான் என்று நினைக்கிறம்.

நிறம் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. 2019இல் இல்லினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸின் கண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்து அறிகிறது. ஆனால் கடும் மஞ்சட்பச்சையையும் வெள்ளையையும், கறுப்பையும் நீலத்தையும் போட்டுக் குழப்புகிறது. ஒரே லூரை மஞ்சட்பச்சையில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று வாங்கி வைத்திருக்கிற பாஸ்காரர்களுக்கு இது கொஞ்சம் மனவருத்தமான செய்தி. கொடுவாவின் கண் வேறு. இரவில் ரோர்ச் அடித்தால் சிவப்பாக மின்னும், இருட்டில் வேட்டையாடுகிற கண். எங்கட பழக்கம் இவ்வளவுதான்: தெளிந்த தண்ணிக்கு இறால் மாதிரி மங்கல் நிறம், கலங்கின தண்ணிக்கும் இரவுக்கும் கறுப்பு. வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புத்தான் நிழலாக வடிவாகத் தெரியும். இதுக்கு மேல நிறத்தைப் பற்றிக் கதைத்தால் விடிஞ்சுபோகும்.

அதைவிட லீடரைப் பற்றிக் கதைக்கலாம். கொடுவாவின் வாய் அரம் மாதிரி, செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. அதனால் லைனின் நுனியில் 40 றாத்தல் லீடர் கட்டச் சொல்லுவார்கள். கட்டினால் அறாது. ஆனால் காற்றில்லாத காலையில், அடி மண் தெரிகிற தண்ணியில் அந்தத் தடிப்பைக் கண்டால் மீன் கிறுகும், தடித்த லீடரில் சின்ன லூர் இயல்பாக ஆடவும் மாட்டாது. 20க்கு இறக்கினால் கடி கூடும், அறுந்து போறதும் கூடும். ஆறு லூர்க்காரருக்கு இது சூதாட்டம். விற்கப் பிடிக்கிறவன் 40ஐ விடமாட்டான். அவனுக்குக் கடி எத்தனை என்பது கணக்கில்லை, கரைக்கு வந்தது எத்தனை என்பதுதான் கணக்கு. எங்கட சண்டைகள் பலதும் இங்கிருந்துதான் வருகின்றன.

பாலத்துக்குக் கீழே நிற்கிற மீன்கள் ஏன் இவ்வளவு தெரிவு செய்கின்றன என்று நாங்கள் யோசிக்கிறதுண்டு. இதுக்கும் இல்லினோயில் ஒரு கதை இருக்கிறது. ரிட்ஜ் லேக் என்ற சின்ன ஏரியில் 1970களில் தொடங்கிய ஆய்வு அது. தூண்டிலில் பட்ட ஒவ்வொரு பாஸையும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு ஏரியை வற்றவைத்துப் பார்த்தால் 1,700க்கு மேற்பட்ட மீன்கள். அதில் 200 அளவில் அந்த நாலு வருடமும் அங்கேயே இருந்தும் ஒருதடவைகூடத் தூண்டிலில் படாதவை. சிலது திரும்பத் திரும்பப் பட்டவை. இரண்டு வகையையும் பிரித்துத் தனித்தனியாகப் பெருக்கவிட்டபோது அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கியது. இதை ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

அந்த 200 மீன்களை நினைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தில் நிற்பது வேறொரு உணர்வு. நூறு வருடமாக இரவு பகலாகத் தூண்டில் விழுகிற இடம். துணிந்து கடிக்கிறதெல்லாம் சட்டிக்குப் போய்விட்டது. இன்னும் நிற்பவை பெரும்பாலும் யோசிக்கிறவையின் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்பது எங்கட ஊகம். அவை இரவில் எங்கே நிற்கின்றன என்பதையும் பாருங்கள். பாலத்து வெளிச்சம் தண்ணியில் விழுகிற எல்லையில், வெளிச்சத்துக்குள் இல்லை, இருட்டுப் பக்கம். நீரோட்டத்துக்கு முகம் குடுத்துக்கொண்டு நிற்கும். வெளிச்சத்தில் மிதந்து வருகிற இறால் இருட்டுக்குள் நுழைகிற இடத்தில் வாய் காத்திருக்கும். ஆகவே மேல்நீரில் வீசி, ஓட்டத்தோடு சேர்த்து வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கொண்டுவரவேண்டும். ஓட்டத்தை எதிர்த்து இழுத்தால் கூட வரும், கிறுகும். ஒரு விரல் அளவு இறால் குஞ்சும் அப்படி எதிர்த்து நீந்தாது என்று அதற்குத் தெரியும்.

போன புரட்டாதியில் எங்கட விற்கிற ஆளுக்கு ஒரு கொடுவா பட்டது. பாலமீன்மடுப் பக்கம், கண்டல் ஓரம். மூன்று நாளாக அதே மரத்தடியில் வந்து வந்து கிறுகின மீன். கொப்பியில் அதற்குத் தனிப் பக்கமே இருந்தது. 10 கிராமிலிருந்து 5 கிராமுக்கு மாறி, லூரை வேருக்குப் பக்கத்தில் விழவிட்டு அசைக்காமல் வைத்திருந்தபோது எடுத்தது. நாலு பேரும் தண்ணிக்குள் நின்றம். நீளம் 96 சென்ரிமீற்றர்.

கொடுவா முதலில் ஆணாகத்தான் வளரும். ஐந்தாறு வயதுக்குப் பிறகு, கிட்டத்தட்ட ஒரு மீற்றரை நெருங்குகிற அளவில், பெண்ணாக மாறும். அதாவது பெரியது எல்லாம் தாய்தான். குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குச் சின்னதையும் 120க்குப் பெரியதையும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இதையெல்லாம் கரையில் நின்று அவனுக்குச் சொன்னது அவள்தான். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "தங்கச்சிட கண்ணாடிக்குக் காசு இதுக்குள்ளதான் மச்சான் இருக்கு" என்றான். அவளிடம் மறுமொழி இருக்கவில்லை, எங்களிடமும் இல்லை. சந்தையில் வெட்டும்போது வயிற்றில் சினை இருந்தது என்று அவனே வந்து சொன்னான். அவன் அதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சு வந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் ஒரு கையின் நீளத்தைத் தாண்டினதைத் திரும்ப விடுவம். அவன் தன்ட வீட்டுக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பான். இது நியாயமான ஏற்பாடா என்று கேட்டால் அவளுக்கு ஒரு பதில், எங்களுக்கு ஒரு பதில். அவனும் போன மாதம் ஒன்றை விட்டான், அளக்காமலேயே. எவ்வளவு என்று கேட்டால் சிரிக்கிறான்.

இப்ப மேகம் கட்டுது. கார்த்திகைக்குள் முகத்துவாரம் வெட்டுவார்கள். ஆறு தேத்தண்ணி நிறத்தில் கடலுக்குப் போகும், கண்டல் ஓரத்தில் நிற்கிறதெல்லாம் இடம் மாறும், கொப்பியில் இருக்கிற பக்கங்கள் வாற சித்திரை வரைக்கும் உதவாது. 5 கிராம் ஜிக் ஹெட் அந்த ஓட்டத்தில் அடிக்கே போகாது. 15 கிராம் ஆறு வாங்கவேண்டும், கடைக்காரர் ஒரு பக்கெட்டில் நாலுதான் இருக்கு என்கிறார். யாருக்கு இல்லை என்று இன்னும் தீரவில்லை.